பொதுப் போட்டி இடமும் நமக்கு உரியதே

முதுநிலை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் தலித் மருத்துவர்கள் சிலர், பட்டியல் சாதி என்று குறிப்பிட்டால் ஒதுக்கீட்டு இடங்களுக்குள்ளேயே அடைபட்டுவிடுவோம் என அஞ்சுவதை நாம் காண்கிறோம். அவ்வச்சத்திற்குச் சட்ட அடிப்படை இல்லை. தரவரிசையால் பொதுப் போட்டி இடம் பெறுபவர் ஒதுக்கீட்டுக் கணக்கில் சேரமாட்டார்.

அவரே நல்ல கல்லூரியை முன்னிட்டு ஒதுக்கீட்டு இடத்தைத் தேர்ந்தெடுத்தால்? அப்போதும் அவரைப் பொதுத் தகுதியில் சேர்ந்தவராகவே கணக்கிட வேண்டும் என்று மருத்துவச் சேர்க்கை குறித்த ரிதேஷ் சா வழக்கில் (1996) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இல்லையெனில் இன்னொரு தலித் மாணவரின் இடம் சத்தமின்றிக் கரைந்துவிடும். அகில இந்திய ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் நமக்கான 15 விழுக்காடே 2007இல்தான் அந்நீதிமன்றத்தின் வழியே கிடைத்தது என்பதை இங்கே நினைக்க வேண்டும்.

'தகுதி' பற்றி நமக்குப் பாடம் எடுப்போர், 2023இல் நீட் முதுநிலைத் தேர்வின் தகுதிப் பர்சன்டைல் எல்லாப் பிரிவினருக்கும் பூச்சியமாக்கப்பட்டபோது எங்கிருந்தனரோ!

கலந்தாய்வின் தற்காலிகப் பட்டியல் வெளியானவுடன், பொதுத் தரவரிசையில் இடம்பெற்ற நம் மாணவர் எந்தக் கணக்கில் எழுதப்பட்டுள்ளார் என்று பார்ப்போம். தவறிருப்பின், இறுதிப் பட்டியல் வருவதற்குள் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபிப்போம்.