ஆப்பிரிக்க நத்தையின் தேக அமைப்பும் அதனை ஒழிக்கும் முறையும்

மழைக்காலத்து இரவுகளில் வாழைக்கன்று, பப்பாளி, காய்கறி நாற்று முதலியவற்றைத் தின்று சேதப்படுத்தும் பெரிய நத்தை இந்நாட்டிற்கு உரியதன்று. கிழக்கு ஆப்பிரிக்காவே அதன் பிறப்பிடம். 1847-ம் வருஷத்தில் மொரீஷியஸ் தீவினின்று கொணரப்பட்ட சில நத்தைகள் கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. பின்னர் அவ்வினம் இந்தியாவின் பல பகுதிகளிலும் பரவிற்று. இதனை ஒழிக்க விரும்புவோர் முதலில் இதன் தேக அமைப்பை அறிதல் நலம்.

நத்தை, சிப்பி, கணவாய் ஆகியவை மெல்லுடலிகள் என்னும் தொகுதியைச் சேர்ந்தவை. இவற்றிற்கு எலும்பு கிடையாது. நத்தையின் உள்ளுறுப்புக்களைப் போர்த்திருக்கும் தோற்போர்வை சுண்ணாம்புச் சத்தைச் சுரந்து ஓட்டை உண்டாக்குகிறது. வெள்ளையடித்த சுவர்களை இது சுரண்டித் தின்பது அச்சத்தின் பொருட்டேயாம்.

அடியிலுள்ள அகன்ற தசையே பாதம். அதில் ஊறும் கோழையின்மீது நத்தை ஊர்ந்து செல்லும். தலையில் இரண்டு ஜோடி உணர்கொம்புகள் உள்ளன. நீண்ட ஜோடியின் நுனியில் கண்கள் அமைந்திருக்கின்றன. நாக்கு அரம் போன்றது. எண்ணிறந்த நுண்ணிய பற்களால் இலையைச் சுரண்டும். சுவாசத்திற்கு நுரையீரல் போன்ற பையொன்று உண்டு.

ஆண், பெண் உறுப்புக்கள் இரண்டும் ஒரே உடம்பில் இருத்தலால், இணைந்த நத்தைகள் இரண்டுமே முட்டையிடக்கூடும். ஈரமண்ணில் ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கான முட்டைகள் இடும். கோடையிலோ ஓட்டினுள் ஒடுங்கி, வாயை மெல்லிய திரையால் மூடிக்கொண்டு மாதக்கணக்கில் உணவின்றிக் கிடக்கும். ஆகையால், கண்ணிற்படாமை கொண்டு அது ஒழிந்துவிட்டதென எண்ணலாகாது.

இதன் தோல் எளிதில் ஈரத்தை இழப்பது; அதுவே நமக்கு அனுகூலம். மாலையில் நனைத்த கோணிகளைப் பரப்பி, அடியில் பப்பாளி இலை அல்லது முட்டைக்கோசு இலை இட்டு வைத்தால், விடியற்காலத்தில் நத்தைகள் அங்கே ஒதுங்கியிருக்கும். அவற்றைப் பொறுக்கி, கெட்டியான உப்புநீரில் அமிழ்த்திக் கொன்று, ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். உப்பை நிலத்தில் தூவலாகாது, மண் கெடும். மனிதரின் மூளையைத் தாக்கும் ஒருவகைப் புழு இந்நத்தையில் இருக்கக்கூடுமாதலின், வெறுங்கையால் தொடுதல் கூடாது. மண்ணைக் கிளறி முட்டைகளையும் அழித்தல் அவசியம்.

ஒருவர் தம் தோட்டத்தை மட்டும் சுத்தம் செய்வதால் பயனில்லை. அடுத்த வேலியிலும் புறம்போக்கிலும் தங்கியவை மறு மழையில் திரும்பி வரும். எனவே, முதல் மழை பெய்தவுடன் கிராம அதிகாரிகளும் நிலமுடையோரும் கூடி, ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் இவ்வேலையை மேற்கொள்வதே தக்கது.