பழைய ஹெட்போனுக்கு இத்தனை விலையா? காதால் கேட்டு விலை பேசும் ஒரு சந்தை

ஒரு பொருள் தொழிற்சாலையை விட்டு வெளியேறி 30, 40 வருடங்கள் கடந்துவிட்டன. அதன் ஸ்பொன்ஜ் தொட்டால் மாவாக உதிர்கிறது. வயர் இறுகிப் போயிருக்கிறது. உத்தரவாதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இப்படியொரு சாமான் நமது கடையின் பின்னறையில் கிடந்தால், பழைய இரும்புக்காரரை அழைத்து அள்ளிக் கொடுத்துவிட்டு இடத்தை மிச்சப்படுத்தவே பார்ப்போம்.

ஆனால் ஜேர்மனி, ஜப்பான், அமெரிக்கா போன்ற நாடுகளில் இதே சாமானைத் தேடிப் பிடித்து வாங்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. பாட்டுக் கேட்கும் பழைய ஹெட்போன்களைத்தான் சொல்கிறோம். அதிலும் 'திறந்த' ரகம் என்று அழைக்கப்படும், தோற்றத்திலும் அமைப்பிலும் விசித்திரமான மொடல்கள். ஏகேஜி கம்பனியின் கே 1000 என்ற மொடல் உற்பத்தி நிறுத்தப்பட்டு ஏறத்தாழ இருபது வருடங்களாகின்றன. நல்ல நிலையில் உள்ள ஒன்று இன்றும் ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மேல் கைமாறுகிறது. தங்கம் என்றால் தராசு இருக்கிறது, துணி என்றால் முழக்கோல் இருக்கிறது. ஒலிக்கு என்ன அளவுகோல்? வாங்குபவரும் விற்பவரும் எதை வைத்து விலை பேசுகிறார்கள் என்பதுதான் வியாபாரியின் கண்ணுக்குச் சுவையான விடயம்.

மூடியதும் திறந்ததும்

முதலில் ஒரு சிறு விளக்கம். 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் ஜோன் கொஸ் என்பவர் ஸ்டீரியோ ஹெட்போனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அக்கால ஹெட்போன்கள் கிண்ணம் கவிழ்த்தது போல் காதை மூடிக்கொள்ளும். பாரமானவை. சிறிது நேரத்தில் காது வியர்க்கும். ஒலிக்கும் சவ்வின் பின்பக்க ஒலி கிண்ணத்துக்குள்ளேயே முட்டி மோதித் திரும்பி வருவதால் பாட்டு தலைக்குள் அடைபட்டது போல் இருக்கும்.

1968இல் ஜேர்மனியின் ஸென்ஹைசர் கம்பனி எச்டி 414 என்ற மொடலைக் கொண்டுவந்தது. கிண்ணத்துக்குப் பதிலாகத் துளையிட்ட பிளாஸ்டிக், காதில் படுவது மஞ்சள் நிற ஸ்பொன்ஜ், மொத்த நிறை 135 கிராம். பின்பக்க ஒலி தாராளமாக வெளியே போய்விடும். பக்கத்தில் இருப்பவருக்கும் பாட்டுக் கேட்கும், வெளிச்சத்தமும் உள்ளே வரும். அடித்தளத்து பேஸ் ஒலியும் மூடியதைப் போல் இறங்காது. இத்தனை குறைகளோடும் ஒரு கோடிக்கு மேல் விற்றது என்றால் காரணம் ஒன்றுதான்: பாட்டு தலைக்குள் அல்லாமல் அறைக்குள் கேட்பது போன்ற உணர்வு.

காதைத் தொடாத ஹெட்போன்

ஸென்ஹைசர் திறந்துவிட்ட வழியில் மற்றவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். சுவிட்சர்லாந்தின் ஒலிப்பதிவாளர் யூர்க் யெக்லின் 1970களில் 'ஃப்ளோட்' என்ற ஒன்றை உருவாக்கினார். தலையின் இரு பக்கமும் இரண்டு பெட்டிப் பலகைகளைக் கட்டித் தொங்கவிட்டது போல் இருக்கும். பாரம் முழுவதும் உச்சந்தலையில், காதில் எதுவும் படாது. ஜப்பானின் ஸ்டக்ஸ் கம்பனி 1977இல் கொண்டுவந்த 'சிக்மா' இன்னும் விசித்திரம். ஒலி காதுக்கு நேராக வராமல் முன்பக்கமிருந்து வரவேண்டும் என்பதற்காக, ஒலிக்கும் தகட்டைக் காதுக்குக் குறுக்காக முன்னால் நிறுத்தி அதைச் சுற்றி ஒரு கூடு கட்டினார்கள். அணிந்து கொண்டு வீதியில் இறங்க முடியாது. ஆனால் பாடகர் எதிரில் நிற்கிறார் என்று கேட்டவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் இருந்த ஏகேஜி கம்பனி 1970களில் 'செக்ஸ்டெட்' என்று பெயர் பெற்ற கே 240 மொடலைச் செய்தது. பிரதான ஒலிச் சவ்வைச் சுற்றி ஆறு சிறு துணைச் சவ்வுகள். அதே கம்பனி 1980களின் இறுதியில் செய்ததுதான் மேலே சொன்ன கே 1000. இரண்டு சிறிய ஒலிபெருக்கிகள் காதுக்கு அருகே கதவு போல் கீலில் தொங்குகின்றன. கதவை வெளியே விரித்தால் ஒலி அகன்று பரவும், பேஸ் குறையும். உள்ளே தள்ளினால் பேஸ் கூடும், அகலம் சுருங்கும். எந்தக் கோணத்தில் வைத்துக் கேட்பது என்பதிலேயே இரண்டு ரசிகர்கள் ஒத்துப்போக மாட்டார்கள்.

1976இல் யமஹா கொண்டுவந்த எச்பி 1 இன்னொரு வகை. மெல்லிய தாளில் செம்புச் சுருளை அச்சடித்து, துளையிட்ட இரு காந்தத் தட்டுகளுக்கு நடுவே நிறுத்தினார்கள். 'ஓர்தோடைனமிக்' என்று பெயர் வைத்தார்கள். உருவத்தை வடிவமைத்தவர் இத்தாலியரான மாரியோ பெல்லினி.

குறையா, குற்றமா?

இந்தச் சந்தையில் பணம் இழக்கும் முதல் இடம், பொருளையே தெரியாமல் அதன் ஒலியைத் தீர்ப்புச் சொல்வது. எச்டி 414இன் பழைய மொடலுக்கு மின்தடை 2000 ஓம். கைத்தொலைபேசியில் செருகினால் ஈனக்குரலில் முனகும். "பழுது" என்று நினைத்து அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். அதையே வாங்கியவர் பழைய அம்ப்ளிபயர் ஒன்றில் மாட்டினால் அருமையாகப் பாடும். கே 1000 அதைவிட மோசம். ஒரு மில்லிவோட் மின்சக்திக்கு அது தரும் ஒலி 74 டெசிபல். சாதாரண ஹெட்போன்கள் 100 டெசிபல் அளவில் தருகின்றன. வித்தியாசம் 26 டெசிபல்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் அதே சத்தத்துக்கு ஏறத்தாழ 400 மடங்கு சக்தி வேண்டும். அதனால்தான் அதை ஹெட்போன் துவாரத்தில் அல்ல, பெரிய ஒலிபெருக்கி மாட்டும் இடத்தில் மாட்டுகிறார்கள். அதற்கான தனி வயர் இல்லாமல் விற்கப்படும் கே 1000க்கு விலை இறங்குவதும் இதனால்தான்.

ஸ்டக்ஸ் விடயத்தில் ஆபத்தே இருக்கிறது. பழைய மொடல்கள் 230 வோல்ட்டில் இயங்குபவை, ஆறு கம்பிச் செருகி. 1980களில் தொடங்கிய 'ப்ரோ' வகை 580 வோல்ட், ஐந்து கம்பி. மாற்றி மாட்ட வழி தேடுபவர் பழைய பொருளைப் பழுதாக்கிக்கொள்ள நேரிடும். விற்பவர் படத்தில் செருகியைக் காட்டாமல் விட்டிருந்தால், வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இரண்டாவது இடம் ஸ்பொன்ஜ். காதுக்கும் சவ்வுக்கும் இடையிலுள்ள தூரம் சில மில்லிமீட்டர் மாறினாலே ஒலி மாறிவிடும். ஆகவே நைந்த ஸ்பொன்ஜுடன் ஒருவர் கேட்டதும், புதியது மாட்டி இன்னொருவர் கேட்டதும் ஒரே மொடல் அல்ல என்றே சொல்லவேண்டும். இருவரும் தத்தமது காதில் உண்மை பேசுகிறார்கள், ஆனால் வாதம் மாதக்கணக்கில் நீளும். ஏகேஜி செக்ஸ்டெட்டை ரசிகர்கள் ஆரம்பகாலம், இடைக்காலம், கடைசிக்காலம் என்று மூன்றாகப் பிரித்து வெவ்வேறாக மதிப்பிடுகிறார்கள். கே 1000இலும் ஆரம்பத் தொடர் இலக்கம் கொண்டவை பேஸ் கூடியவை என்று ஒரு பேச்சு நீண்ட காலமாக உலவுகிறது. தொடர் இலக்கத்தை வைத்தே விலை கூட்டுகிறார்கள். இதில் எவ்வளவு காது, எவ்வளவு கதை என்று பிரிப்பது சுலபமல்ல. இரத்தினக்கல் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும்.

மேசையில் வைத்துக் கேட்பது

இதற்கு ரசிகர்கள் கண்ட வழி ஒன்றுகூடல். மண்டபம் ஒன்றில் மேசை போட்டு, ஒவ்வொருவரும் தம்மிடமுள்ளதைக் கொண்டுவந்து பரப்பி, மாறி மாறிக் கேட்டுப் பார்ப்பது. டோக்கியோவின் நகானோ பகுதியில் பாவித்த ஒலிச்சாதனங்களை வாங்கி விற்கும் ஃபுஜியா எவிக் என்ற கடை, தானே ஹெட்போன் விழா நடத்திக் கூட்டம் சேர்க்கிறது. கடைக்காரர் விழா நடத்துகிறார் என்பதைக் கவனியுங்கள். கேட்டுப் பார்க்க இடம் கொடுப்பவனிடமே வாங்கவும் வருவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் மேசையில் வைத்துக் கேட்பதிலும் ஏமாற்று இருக்கிறது, வேண்டுமென்று செய்யாவிட்டாலும். இரண்டில் சற்றே சத்தம் கூடியது எதுவோ அதுவே 'தெளிவானது', 'ஆழமானது' என்று மனிதக் காது தீர்ப்புச் சொல்லும். சத்தம் கூடும்போது பேஸ் ஒலி நமக்குக் கூடுதலாகவே கேட்கும் என்பதை 1933இல் ஃப்ளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் அளந்து காட்டினார்கள். ஆகவே கே 1000ஐயும் எச்டி 414ஐயும் ஒரே அம்ப்ளிபயரில், குமிழைத் திருப்பாமல் ஒப்பிட்டவர் ஒலியை ஒப்பிடவில்லை, சத்தத்தையே ஒப்பிட்டிருக்கிறார். கவனமானவர்கள் அளவுக்கருவி வைத்து இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்திவிட்டே தொடங்குகிறார்கள். ஒரே பாட்டு, ஒரே இருபது செக்கன், உடனடி மாற்றம். நேற்றுக் கேட்டதை இன்று நினைவிலிருந்து எடுத்து ஒப்பிடுபவரின் பேச்சை அவர்கள் காதில் வாங்குவதில்லை.

கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்கலாமே என்று கேட்பீர்கள். ஹெட்போனில் அது நடக்காது. கண்ணைக் கட்டினாலும் தலை அறியும். யெக்லினின் பலகையையும் 135 கிராம் ஸென்ஹைசரையும் எந்தத் தலையும் பிரித்துச் சொல்லிவிடும். ஹார்மன் கம்பனியின் ஆய்வாளர் ஷோன் ஒலிவ் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரே ஹெட்போனை அணிவித்து, மற்ற மொடல்களின் ஒலித்தன்மையை அதற்குள்ளேயே செயற்கையாக உண்டாக்கிக் கேட்கச் செய்தார்கள். பெயரும் பாரமும் மறைந்துபோகும். ஆனால் காதைத் தொடாமல் வெளியில் தொங்கும் கே 1000 போன்ற ஒன்றின் அனுபவம் இந்த முறையில் முழுமையாகப் பிடிபடுமா என்பது எனக்குச் சந்தேகமே.

விலைக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பற்றி 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வையும் சொல்லவேண்டும். ஜெரோன் ப்ரீபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் கடை விலையோடு ஒப்பிட்டார். ஒலியளவீட்டுக்கும் விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை. இதைக் கேட்டு ரசிகர்கள் வாங்குவதை நிறுத்தவில்லை.

கம்பனி போனது, பொருள் நின்றது

ஏகேஜி 1990களில் ஹார்மன் கைக்குப் போனது. 2017இல் ஹார்மனை சாம்சுங் வாங்கியது, அதே ஆண்டில் வியன்னா நிலையம் மூடப்பட்டது. அங்கிருந்து வெளியேறியவர்கள் அதே நகரில் 'ஆஸ்ட்ரியன் ஓடியோ' என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். கே 1000இன் வாரிசாக 'மைஸ்பியர்' என்ற ஹெட்போனும் வியன்னாவிலிருந்தே வந்தது. ஸென்ஹைசரின் நுகர்வோர் பிரிவு 2022இல் சுவிட்சர்லாந்தின் சொனோவாவுக்குக் கைமாறியது. காது கேளாதோருக்கான கருவி செய்யும் கம்பனி அது. ஸ்டக்ஸை 2011இல் சீனாவின் எடிஃபயர் வாங்கியது.

யமஹாவின் கதைதான் கணக்குப் பார்ப்பவருக்குச் சுவை. 1976இல் கொண்டுவந்த ஓர்தோடைனமிக் வகையை அது பிறகு கைவிட்டது. பழைய யமஹாக்களைக் கழற்றி, உள்ளே பஞ்சு மாற்றி, தம்மிடையே விற்றுக்கொண்டிருந்தவர்கள் ரசிகர்கள்தான். 2010 அளவில் அமெரிக்காவின் ஓடிஸ், சீனாவின் ஹைஃபைமன் போன்ற புதிய கம்பனிகள் அதே வகையைப் புதிதாகச் செய்து பெரும் சந்தை பிடித்தன. ஓடிஸை 2023இல் சோனியின் விளையாட்டுப் பிரிவு வாங்கியது. அதற்கு முந்திய வருடம் யமஹாவும் திரும்பி வந்தது. வைஎச் 5000எஸ்ஈ என்ற மொடல், விலை ஏறத்தாழ 5000 டொலர், பழைய ஓர்தோடைனமிக் என்ற பெயரோடு.

எச்டி 414இன் மஞ்சள் ஸ்பொன்ஜுக்கும் இப்படியொரு இரண்டாம் வாழ்வு கிடைத்தது. ஹெட்போன் போன பின்னரும் ஸ்பொன்ஜ் மட்டும் உதிரிப்பாகமாக விற்பனையில் இருந்தது. அதை வாங்கியவர்களில் பலரிடம் ஸென்ஹைசரே இருக்கவில்லை. நியூயோர்க்கின் புரூக்ளினில் குடும்பத் தொழிலாக நடக்கும் கிராடோ கம்பனியின் ஹெட்போனுக்கு அந்த மஞ்சள் ஸ்பொன்ஜ் பொருந்தும் என்று ரசிகர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். நடுவில் அமெரிக்க 25 சத நாணயத்தின் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி எடுத்தால் ஒலி இன்னும் திருந்தும் என்பது அவர்கள் அனுபவம். நாணயத்தை வைத்துப் பேனையால் வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டினார்கள்.