நிறுத்துக் கற்ற கணக்கு

“கணக்கு எங்களுக்கு வராது, ஐயா, எழுத்தர் பார்த்துக் கொள்வார்” என்னும் சொல்லை ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் நாம் அடிக்கடி கேட்கின்றோம். நூலைத் தொட்டுப் பார்த்தே அதன் நம்பரைக் கூறுபவரும், நெல்லைக் கையில் அள்ளியே அதன் ஈரத்தை அறிபவரும் இவ்வாறு கூறுவது வியப்பே.

இவர்களுக்கு இங்கிலாந்தின் ராச்டேல் நகரை நினைவூட்ட விரும்புகிறோம். 1844ஆம் ஆண்டு அங்கே 28 பேர் கூடி, ஆளுக்கு ஒரு பவுன் பங்கு சேர்த்தனர். அதனையும் வாரத்திற்கு இரண்டு, மூன்று பென்னியாகவே செலுத்த முடிந்தது. (அனைவரும் நெசவாளர் என்று மேடைகளில் கூறுவதுண்டு. அது சரியன்று, வேறு கைத்தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர்.) அக்காலத்துக் கடைகளில் மாவில் கலப்படம், எடையில் குறைவு, கடனுக்கு வாங்கிய ஏழையோ வாய் திறக்க இயலாது. ஆகவே தாமே கடை வைக்கத் துணிந்தனர்.

டிசம்பர் 21ஆம் நாள் டோட் லேன் என்னும் தெருவில் ஒரு கிடங்கின் கீழ்த்தளத்தில் கடை திறந்தது. வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு போன்றவையே சரக்கு, அதுவும் சொற்பம். பகலெல்லாம் அவரவர் தொழில் இருந்தமையால் திங்கள், சனி மாலைகளில் மட்டுமே விற்பனை. சாமுவேல் ஆஷ்வொர்த் விற்பனையாளர். வில்லியம் கூப்பர் காசாளர். தராசு பிடிப்பதையும் பேரேடு எழுதுவதையும் அண்டை வீட்டாருக்கு மாவு நிறுத்துக் கொடுத்தே பழகினர். மூன்று மாதத்திற்கு ஒருமுறை உறுப்பினர் கூட்டத்தில் கணக்கை ஒப்பிக்க வேண்டும். கேள்வி கேட்பவரும் அதே அண்டை வீட்டார்தாம். இதைவிடச் சிறந்த பயிற்சிக் கூடம் எது? 1845 இறுதியில் உறுப்பினர் 74 பேர். ஆண்டு விற்பனை 710 பவுன். 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய கூட்டுறவுப் பண்டகசாலைக்கும் ராச்டேலே முன்மாதிரி.

நம் சங்கங்களில் கடை திறக்க வேண்டுவதில்லை. கூலி பட்டுவாடா நாளன்று இளம் உறுப்பினர் இருவர் அமர்ந்து, முதிய நெசவாளரின் பற்றுவரவுப் புத்தகத்தைச் சங்கப் பேரேட்டுடன் ஒத்துப் பார்த்து, அவருக்கு உரக்கப் படித்துக் காட்டட்டும். பெற்ற நூல், ஒப்படைத்த துணி, கூலி, சேமிப்புப் பிடித்தம் என நான்கே இனங்கள். சேமிப்புப் பிடித்தத்தில் ஒரு மாதம் விடுபட்டாலும் முதுமையில் இழப்பு அவருக்கே. அதைத் தணிக்கை வரும்வரை ஒருவரும் அறியார். விளைவிப்போர் சங்கங்களில் எடை போடும் நாளன்று இதனையே செய்யலாம். சாக்கின் எடைக்கெனக் கழித்தது எவ்வளவு என்பதிலிருந்து தொடங்கினால் ஆர்வம் தானே வரும்!

முதல் மாதம் பத்துப் புத்தகம் பார்க்க ஒரு மாலை முழுவதும் செல்லும். ஒத்து வராத தொகையைத் தனித் தாளில் குறித்துச் சங்கத் தலைவரிடம் கொடுத்தால் போதும்; பேரேட்டில் கை வைக்க வேண்டாம். திருத்தத்தை எழுத்தரே எழுதிக் கையொப்பமிட வேண்டும்.