இருளர் மக்களிடையே சமூகப்பணியும் தொழில்முறைப் பயிற்சியும்

விழுப்புரம் மாவட்டத்தில் குயிலாப்பாளையம் அமைந்துள்ள வானூர் வட்டத்திலும், வடக்கே உப்பளங்கள் நிறைந்த மரக்காணம் வட்டத்திலும் இருளர் குடியிருப்புகள் உள்ளன. இருளர் பட்டியல் பழங்குடியினர் ஆவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இவர்களின் எண்ணிக்கை 1,89,661. முன்பணம் பெற்றுச் செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டுதல் போன்ற வேலைகளுக்குச் செல்லும் குடும்பங்கள் கொத்தடிமை முறையில் சிக்குவதுண்டு. இவர்களுக்கு உதவும் சமூகப்பணியாளருக்கு இரக்க உணர்வு மட்டும் போதாது. முறையான பயிற்சியும் தேவை.

கல்வி

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936இல் மும்பையில் தொடங்கியது. அங்கு அப்போது நிறுவப்பட்ட பள்ளியே இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம். சென்னை சமூகப்பணிப் பள்ளி 1952இல் தொடங்கப்பட்டது. முதுநிலைப் படிப்பு இரண்டு ஆண்டுகள் கொண்டது. வகுப்புப் பாடங்களுடன் களப்பணியும் கட்டாயம்.

சட்ட அறிவு

கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம், 1976 இப்பணிக்கு அடிப்படையானது. மாவட்ட விழிப்புக் குழுவில் அம்மாவட்டத்தைச் சேர்ந்த சமூகப்பணியாளர் இருவர் இடம்பெற வேண்டும் என்று பிரிவு 13 கூறுகிறது. வாங்கிய கடன் கொத்தடிமைக் கடன் அன்று என்பதைக் கடன் கொடுத்தவரே மெய்ப்பிக்க வேண்டும் என்பது பிரிவு 15. இதை அறியாத பணியாளர், தொழிலாளியிடமே சான்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

விசாரிக்கும் முறை

"நீங்கள் கொத்தடிமையா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்ற பதிலே வரும். முதலாளி அருகில் இருந்தால் அதுவும் வராது. எனவே தனியிடத்தில், எளிய சொற்களில் கேட்க வேண்டும். முன்பணம் எவ்வளவு? கூலி எவ்வளவு? வேறு வேலைக்குச் செல்ல முடியுமா? உறவினர் வீட்டுச் சாவுக்குப் போக விட்டார்களா? இவற்றின் விடைகளே நிலைமையைக் காட்டும். வயதுவந்தவர் தம் வாழ்க்கை குறித்துத் தாமே முடிவெடுக்கும் உரிமை உடையவர். வழிகளை விளக்குவதே பணியாளரின் கடமை. அவருக்காக முடிவெடுப்பது அன்று.

மீட்புக்குப் பின்

மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் மிக முக்கியம். 2021ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை வழங்க இடமுண்டு. பழங்குடியினர் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் வழங்குகிறார். குடும்ப அட்டை, வீட்டுமனைப் பட்டா, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை ஆகியவையும் தொடர்ந்து கவனிக்கப்பட வேண்டும். இவை கிடைக்காவிட்டால், அடுத்த மழைக்காலத்தில் வேலையின்றி அக்குடும்பம் மீண்டும் முன்பணம் வாங்க நேரிடும்.