தேயிலை மண்ணில் காய்கறிப் பாத்தி

மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலை செழிப்பதற்குக் காரணமான மண்தான் அங்கே வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு முதல் தடையாக நிற்கிறது. கருங்கல் பாறை சிதைந்து உருவான மண் அது. பெருமழை அதை நெடுங்காலமாகக் கழுவி வந்ததில் சுண்ணாம்புச் சத்து கரைந்துபோய்ப் புளிப்பு ஏறிவிட்டது. தேயிலைக்கு அமில கார நிலை 4.5 முதல் 5.5 வரை இருந்தால் போதும். முட்டைக்கோஸ், பீட்ரூட், பீன்ஸ் போன்றவை 6க்கு மேல் கேட்கும். இந்த அளவுகோலில் ஓர் எண் குறைந்தாலே புளிப்பு பத்து மடங்கு கூடிவிடும். மண் மிகவும் புளித்தால் அதிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும். உரத்தில் உள்ள மணிச்சத்தும் செடிக்குக் கிடைக்காமல் மண்ணிலேயே சிக்கிக்கொள்ளும். எவ்வளவு எரு போட்டாலும் செடி குட்டையாகவே நிற்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் புளிப்பைத்தான்.

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இந்த மலைப்பகுதியைக் கண்டு எழுதினார். ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. காட்டை வெட்டிச் சரிவுகளில் தேயிலை நட்டவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். லயத்து வீட்டின் பின்புறம் கீரையும் மிளகாயும் கிழங்கும் போடுவது மலாயாத் தோட்டங்கள் எங்கும் இருந்த வழக்கம். குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குப் பயிர் செய்ய நிலம் ஒதுக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமே சொன்னது. இன்று கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பல தமிழ்க் குடும்பங்கள் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் குடியேறிவிட்டன. வீட்டை ஒட்டிய அந்தச் சிறு தோட்டத்தின் தேவை மட்டும் குறையவில்லை.

புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பு இட வேண்டும். உரக் கடையில் கிடைக்கும் டோலமைட் தூள் இன்னும் நல்லது. சுண்ணாம்போடு மெக்னீசியமும் அதில் இருக்கிறது. சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கைப்பிடி தூவி, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, மூன்று நான்கு வாரம் கழித்து நடலாம். எருவையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் கலக்கக் கூடாது. எருவின் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். கோழி எருவை மக்கவிட்ட பிறகே பாத்தியில் போட வேண்டும். பச்சையாகப் போட்டால் ஈ மொய்க்கும், இளம் வேரும் கருகும். மழை சுண்ணாம்பை மறுபடி கழுவிக்கொண்டு போவதால் ஆண்டுக்கு ஒருமுறையாவது மண்ணைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. மண் சரியாகும் வரை நிலத்தைச் சும்மா போட வேண்டியதில்லை. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் புளிப்பைத் தாங்கி வளரும்.

அடுத்தது குளிர். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்துத் தாப்பாவில் வெயில் 30 பாகையைத் தாண்டும் நாளிலும் இங்கே பகலில் 22, 23 பாகைதான். இரவில் 15 வரை இறங்கும். முருங்கை, கத்தரி, வெண்டை எல்லாம் இந்தக் குளிரில் மெதுவாகவே வளரும், காய்ப்பும் குறைவு. ரிங்லெட் போன்ற தாழ்வான இடங்களில் அவற்றை முயன்று பார்க்கலாம். சமவெளி வெயிலில் விரைவாகப் பூத்துவிடும் கொத்தமல்லி இங்கே நீண்ட நாள் தழை கொடுக்கும். புதினா, வெங்காயத்தாள், முள்ளங்கி, கேரட், பீன்ஸ், லெட்டூஸ் ஆகியவற்றுக்கும் இது ஏற்ற இடம்.

ஆனால் இது பனிக்காலம் இல்லாத குளிர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். முட்டைக்கோஸ் பூக்க வேண்டுமானால் பல வாரம் கடுங்குளிர் வேண்டும். அது கிடைக்காததால் இங்கே கோஸ் கட்டுமே தவிரப் பொதுவாகப் பூப்பதில்லை. அதற்கு விதை வாங்கியே ஆக வேண்டும். பீன்ஸ், கொத்தமல்லி, லெட்டூஸ் விதைகளை வீட்டிலேயே எடுத்து வைக்கலாம்.

பனிக்காலம் இல்லாததால் பூச்சிக்கும் நோய்க்கும் ஓய்வில்லை. கோஸ் இலையைச் சல்லடையாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி இந்த மலையின் பழைய எதிரி. 1970களில் மார்டி என்னும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அதன் புழுவுக்குள் முட்டையிடும் சிறு குளவியைக் கொண்டுவந்து பரப்பியது. அடிக்கடி மருந்து அடிக்கும் இடத்தில் அந்தக் குளவியும் சேர்ந்து சாகிறது. பத்துச் செடி வைத்திருப்பவர் காலையில் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்துப் புழுவை நசுக்குவதே போதுமான வைத்தியம்.

வேர்முடிச்சு நோய் இதைவிடப் பொல்லாதது. காலையில் நிமிர்ந்து நிற்கும் கோஸ் நடுப்பகலில் துவளும். மாலையில் மீண்டும் நிமிரும். பிடுங்கிப் பார்த்தால் வேர் விரல் விரலாக வீங்கியிருக்கும். அதன் வித்துகள் மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும் என்பதால் அந்தப் பாத்தியில் கோஸ், முள்ளங்கி, சாவிக் கீரை என்று கோஸ் குடும்பத்துச் செடி எதையும் பல ஆண்டுகளுக்கு வைக்கக் கூடாது. சுண்ணாம்பு இட்டு மண்ணை 7க்குக் கொண்டுவந்தால் நோய் அடங்கும்.

தக்காளிக்கு ஆபத்து மழை. குளிரும் ஈரமும் சேர்ந்தால் இலைக்கருகல் சில நாளிலேயே கொடி முழுவதையும் கறுக்கவைத்துவிடும். நான்கு கம்பு நட்டு மேலே மட்டும் பிளாஸ்டிக் தாள் கட்டி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஸ்ட்ராபெரி மெல்லிய புளிப்பை விரும்பும் செடி. அதன் பழம் ஈர மண்ணில் பட்டால் அழுகும். தொட்டியில் வைத்துக் கூரைக்கு அடியில் வளர்ப்பது நல்லது. தாய்ச்செடி விடும் ஓடுகொடியை மண்ணில் அழுத்தி வைத்தால் அடுத்த செடி தயார்.

குறைந்த வேலையில் நிறையத் தருவது சௌசௌ. முற்றிய காயை முழுதாகச் சாய்த்து வைத்துப் பாதி புதைத்தால் அகன்ற முனையிலிருந்து முளை கிளம்பும். வலுவான பந்தல் ஒன்று போதும். காய் கூட்டுக்கு ஆகும். இளங்கொடி நுனியைக் கீரையாக வதக்கலாம். பழத்துக்குப் பேஷன் ஃப்ரூட் கொடியையும் மரத்தக்காளியையும் வேலியோரம் விடலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துவது. ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்யும் மலை இது. நெருங்கி நிற்கும் தேயிலைப் புதர் மண்ணை மூடிக் காக்கிறது. கொத்திப் போட்ட பாத்திக்கு அந்தக் காப்பு இல்லை. பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே மேடாக அமைத்து, கீழ்க் கரையில் எலுமிச்சைப் புல்லை நெருக்கி நட்டு, வெற்று மண்ணை உலர்ந்த இலையால் மூட வேண்டும். மலைச் சரிவுகளிலிருந்து இறங்கிய வண்டல் ரிங்லெட் ஏரியைத் தூர்த்திருக்கிறது. 2013 அக்டோபரில் அந்த ஏரியின் அணையிலிருந்து நீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கி உயிர்கள் போயின. ஆகவே விதை வாங்கும் முன்பே கரையைக் கட்டிவிடுங்கள்.