அஸ்ஸூஃபி கண்ட சிறு மேகம்

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்து முகாமில் மின்சாரமில்லாத இரவுகளைக் கழித்தபோதுதான் நான் வானத்தை உற்றுப் பார்க்கப் பழகினேன். ஊர் திரும்பிய பின் அந்தப் பழக்கம் கமெராவோடு தொடர்கிறது.

நான் படம் பிடிக்க ஆசைப்பட்டது அந்திரொமேடா என்னும் சுருள் வடிவ விண்மீன் மண்டலத்தை. அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. தொலைநோக்கி இல்லாத காலத்தில், கி.பி. 964 அளவில், அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி தம் விண்மீன் நூலில் அதை ஒரு சிறு மேகம் என்று குறித்து வைத்தார். அதன் சுருள் வடிவத்தை 1888இல் படத்தில் காட்டிய ஐசக் ரொபர்ட்ஸும் தொழில்முறை வானியலாளர் அல்லர்; கட்டடத் தொழில் செய்தவர்.

மாரி ஓய்ந்த ஜனவரியில், இஷா தொழுதுவிட்டு, பண்ணைப் பாலம் கடந்து வேலணைப் பக்கம் போவேன். அங்கே இருட்டு. வடமேற்கே பார்த்தால் மங்கலான புள்ளியாகத் தெரியும்.

பூமி சுழல்வதால் கமெராவை நீண்ட நேரம் திறந்து வைத்தால் விண்மீன்கள் கோடாகிவிடும். வானத்தைப் பின்தொடரும் கருவியைத் துருவ நட்சத்திரத்தை வைத்துத்தான் சரிசெய்வார்கள். இங்கே அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 10 பாகை உயரத்திலேயே நிற்கிறது, பனைகள் மறைத்துவிடும். அதனால் 85 மில்லிமீற்றர் லென்ஸில் 3 செக்கன் வீதம் 400 படங்கள் எடுத்தேன்.

முதல் படத்தைப் பார்த்த மருமகன், "மாமா, இதில ஒண்டுமே இல்லையே?" என்றான். உண்மைதான். ஒரு படத்தில் ஒளியைவிட இரைச்சல் அதிகம். ஆனால் இரைச்சல் படத்துக்குப் படம் மாறும். ஒளி அதே இடத்தில் நிற்கும். 400 படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் 20இல் ஒரு பங்காகக் குறையும். அப்படிச் சேர்த்ததும் பிரகாசமான மையமும் அதைச் சூழ்ந்த நீள்வட்ட ஒளியும் தெரிந்தன. மருமகன் பேசவில்லை.

அஸ்ஸூஃபியின் பெயரை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். அவரோ தொலமியின் பட்டியலை அப்படியே ஏற்கவில்லை. விண்மீன்களின் பிரகாசத்தைத் தம் கண்ணால் பார்த்துத் திருத்தினார். பிறை பார்க்க நாங்கள் மாதந்தோறும் மாடி ஏறுகிறோம். அந்தப் பிறை சீக்கிரமே மறைந்துவிடும். பிறகு நிலவில்லாத நல்ல இருட்டு. கீழே இறங்காமல் இன்னும் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளோடு நின்று பாருங்கள்.