உங்களுக்குத் தெரியுமா? திராட்சைக் கொடிக்கு மண்ணும் மழையும் செய்யும் மாயம்!

கோடம்பாக்கத்தில் தள்ளுவண்டியில் குவித்து விற்கிறார்களே கறுப்புப் பன்னீர் திராட்சை, அது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பெருமை. 2023-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. இத்தனை நாளும் கிலோ கணக்கில் வாங்கித் தின்றோமே, அந்தப் பழத்துக்கு இப்படி ஒரு பட்டம் இருப்பது தெரியுமா?

அதன் பூர்வீகம் கம்பமே இல்லை! உலகம் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது. அங்கே குளிருக்குப் பயந்து கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்த கொடி, இங்கே சுள்ளென்ற வெயிலில் பந்தலேறிக் காய்க்கிறது!

உலகின் ஒயின் தோட்டங்களில் பெரும்பாலானவை 30 டிகிரிக்கும் 50 டிகிரிக்கும் இடைப்பட்ட அட்சரேகையில்தான் இருக்கின்றன. கம்பம் எத்தனை டிகிரி? முழுதாகப் பத்துகூட இல்லை! ஆனாலும் தேனி மாவட்டத்தில் ஒயின் ஆலையே உண்டு!

குளிர் நாட்டில் கொடி இலையுதிர்த்துத் தூங்கப் போய்விடும். வருஷத்துக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் பனியும் கிடையாது, தூக்கமும் கிடையாது. அங்கே குளிர்காலத்தின் வேலையைச் செய்வது எது தெரியுமா? கவாத்துக் கத்தரி! விவசாயி குச்சிகளை நறுக்கிக் கொடியை மொட்டையாக்கிவிடுவார். வெட்டிய நுனியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசியும். கிட்டப் போய்ப் பார்த்தால் கொடி அழுகிற மாதிரியே இருக்கும். கொஞ்ச நாளில் அதே குச்சியில் மொட்டு வெடிக்கும், துளிர் விடும், பூ வரும். கவாத்து முடிந்து சுமார் 120 நாளில் குலை கைக்கு வந்துவிடும்!

அதனால் இந்தத் தோட்டத்தில் கவாத்து, பக்கத்துத் தோட்டத்தில் பூ, அதற்கடுத்த தோட்டத்தில் அறுவடை. ஒரே ஊரில், ஒரே நாளில், மூன்று பருவம்! ஜனவரி முதல் டிசம்பர் வரை பழம் வந்துகொண்டே இருப்பதன் ரகசியம் இதுதான்!

திராட்சைக்குத் தண்ணீர் வேண்டும், பழுக்கும் நேரத்தில் மழை மட்டும் கூடவே கூடாது! பெய்தால் பழம் வெடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். கம்பத்தின் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழையின் கொட்டலை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கமே தடுத்துக்கொள்கிறது. தண்ணீரோ 1895-ல் திறந்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. மழை அந்தப் பக்கம், ஆறு இந்தப் பக்கம்!

மண்ணுக்கும் நிபந்தனை உண்டு. தண்ணீர் நிற்காமல் வடிய வேண்டும், கார அமில நிலை 6.5 முதல் 7 வரை இருக்க வேண்டும், உப்பு ஏறக்கூடாது. வடகிழக்குப் பருவமழையில் முழங்கால் தண்ணீர் தேங்கும் நம் தெருக்களில் திராட்சை ஏன் வளரவில்லை என்று இப்போது புரிகிறதா?

இதைக் கேளுங்கள்! கர்நாடகத்தில் நந்தி மலை அடிவாரத்து ஒயின் தோட்டங்களும் நம் கோடம்பாக்கமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. இரண்டும் 13 டிகிரிதான்! பிறகு எப்படி அங்கே மட்டும் ஒயின்? உயரம்! கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,000 அடி. ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி வெப்பம் குறையும். நமக்குக் கடல் காற்று, அவர்களுக்குக் குளிர்ந்த இரவு. கிரோவர் குடும்பம் 1988-ல் அங்கேதான் பிரெஞ்சு ரகங்களை வைத்து ஒயின் தோட்டம் தொடங்கியது!

நாசிக்கின் திராட்சை நிற்பது எரிமலைக் குழம்பின் மேல்! தக்காணத்தில் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த கரும்பாறைதான் நொறுங்கி அந்த மண்ணானது. டைனோசர் காலத்து மண்!

பிரான்ஸில் ஒயின் அறுவடை செப்டம்பர் வாக்கில். நாசிக்கில்? பொங்கலை ஒட்டித் தொடங்கி மார்ச் வரை!

பிரான்ஸின் ஷாப்லி மண்ணைக் கையில் அள்ளினால் சிப்பி வரும். கடல் சிப்பி! சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரே கடலடி!

ஷாத்தோநஃப் து பாப் என்ற பிரெஞ்சு ஊரின் பல தோட்டங்களில் மண்ணே கண்ணில் படாது. உள்ளங்கை அளவு உருண்டைக் கற்கள்தான். பகல் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் கொடிக்குக் கணகணப்பு கொடுக்கும். இந்தத் தோட்டங்களில் பறக்கும் தட்டு இறங்கக் கூடாது என்று 1954-ல் அந்த ஊர் மேயர் சட்டமே போட்டார்!

ஸ்பெயினின் லான்சரோட்டே தீவில் எரிமலைச் சாம்பலில் குழி தோண்டி, குழிக்கு ஒரு கொடி வைக்கிறார்கள். இரவுப் பனியைச் சாம்பல் உறிஞ்சி வேருக்குக் கொடுக்கிறது. அங்கே வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 15 சென்டிமீட்டர். நம் பக்கத்து நுங்கம்பாக்கத்தில் 2015 டிசம்பர் 1-ஆம் தேதி கொட்டியது, ஒரே நாளில் 25 சென்டிமீட்டருக்கும் மேல்!

1860-களில் பிரான்ஸில் வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா என்ற பொடிப் பூச்சி நுழைந்தது. தோட்டம் தோட்டமாகக் கொடிகள் செத்தன. தப்பித்தவை எவை? மணலில் நின்றவை! மணலில் அந்தப் பூச்சியால் பிழைக்க முடியாது. மற்ற இடங்களை அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரில் ஒட்டுக் கட்டித்தான் காப்பாற்றினார்கள். இன்றைக்கு மகாராஷ்டிரத்தில் உப்பு மண்ணைத் தாங்க வைக்கும் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியும் அமெரிக்க டெக்சாஸிலிருந்து வந்ததே!

நம் ஊர் உழவர்கள் வாயில் சகஜமாகப் புழங்கும் போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிப்பார்களே, அது திருடனை விரட்டப் பிறந்த மருந்து! பிரான்ஸின் போர்டோ பகுதியில் சாலையோரக் கொடிகளில் கை வைக்கிறவர்களைப் பயமுறுத்த நீல நிறத்தில் பூசி வைத்தார்கள். 1882-ல் மில்லார்டே என்ற பேராசிரியர் அந்த வழியாகப் போனார். உள்ளே இருந்த கொடியெல்லாம் நோயில் கருக, ஓரத்துக் கொடி மட்டும் பச்சைப் பசேல்! மூன்றே வருஷத்தில், 1885-ல், உலகத்துக்கே மருந்தை அறிவித்துவிட்டார். என்னைக் கேட்டால், விவசாய வரலாற்றில் இதைவிட அழகான கண்டுபிடிப்பு இல்லை!

பன்னீர் திராட்சையின் மேல் சாம்பல் தூவினாற்போல் ஒரு பூச்சு இருக்கிறதே, அது பழமே சுரக்கும் மெழுகு! உள்ளே இருக்கும் ஈரம் வெயிலில் வற்றாமல் காப்பது அதுதான். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், அடியில் பளபளக்கும் கறுப்பு தெரியும். நன்றாகக் கழுவிவிட்டே சாப்பிடுங்கள்!

கடைசியாக, நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த விஷயம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு. 1945-ல் மார்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது ரோமானியர்களின் ஒயின் ஜாடி ஓடுகள் வந்தன. அவற்றில் சிலவற்றின் களிமண்ணில் கருமணல் கலந்திருக்கிறது. அது இத்தாலியின் வெசூவியஸ் எரிமலைப் பக்கத்து மணல்! ஒயின் தீர்ந்து சுமார் 2,000 வருஷம் ஆகிவிட்டது. அந்தத் தோட்டத்து மண் மட்டும் இன்னும் நம் கடற்கரையில் இருக்கிறது! அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கோடம்பாக்கத்திலிருந்து மூன்று, நான்கு மணி நேரம்தான், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்!